எந்த வாலை?

1,000 லிட்டர் கோதுமை ஊறலைப் புளிக்கவைத்து, இரண்டு முறை காய்ச்சி, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் கழித்துவிட்டு, தண்ணீர் சேர்த்து 40 சதவீதத்துக்கு இறக்கினால் கையில் நிற்பது ஏறக்குறைய 200 பாட்டில் வோட்கா. சிறு வடிசாலை தொடங்க நினைப்பவர் எவரானாலும், வாலை விற்பவரின் விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன்பு இந்தக் கணக்கைத் தம் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். 8 சதவீத ஊறல் என்றால் ஆயிரம் லிட்டரில் இருப்பது 80 லிட்டர் சுத்த ஆல்கஹால். காய்ச்சுவதிலும் கழிப்பதிலும் கால் பங்கு போக, 60 லிட்டர் தேறும். தண்ணீர் சேர்த்தால் 150 லிட்டர். 750 மில்லி பாட்டிலில் அடைத்தால் 200. இதற்கு 200 கிலோவுக்கு மேல் கோதுமை, 300 யூனிட்டுக்குக் குறையாத வெப்பம், பல ஆயிரம் லிட்டர் குளிர்நீர், இரண்டு நாள் வேலை. கடைசியில் 700 லிட்டருக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எச்சம் வேறு மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஊறல்' நமக்குப் போலீஸ் செய்திகளில் பழகிய சொல். வடிப்பதற்குமுன் புளித்துக் கிடக்கும் திரவத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 'வாலை' சித்த மருத்துவர்களின் சொல். ஓமத் தீநீர் இறக்கும் கலனுக்கு அதுதான் பெயர். பள்ளிப் பாடத்தில் 'வாலை வடிநீர்' என்று படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். 'வடிசாலை' ஈழத் தமிழரின் வழக்கு. வடமராட்சியில் பனஞ்சாராயத்துக்கென்று அமைந்த ஆலையின் பெயரே திக்கம் வடிசாலைதான். இவ்வளவு நல்ல சொற்கள் கைவசம் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

வாலையில் அடிப்படையாக இரண்டு இனம். ஒன்று பானை வாலை: அடியில் கலன், மேலே கழுத்து, கழுத்திலிருந்து குளிர்விப்பானுக்கு ஒரு குழாய். ஒருமுறை நிரப்பி, காய்ச்சி, காலி செய்து, மறுபடி நிரப்ப வேண்டும். மற்றது தூண் வாலை: நெட்டுக்குத்தான தூணுக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள், ஆவி மேலே ஏற, திரவம் கீழே வழிய, ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்திக்கும். இந்த யோசனை பிரான்சில் முளைத்தது. 1813இல் செல்லியே-புளூமென்தால் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதைத் தொழிலாக நிலைநிறுத்தியவர் ஈனியஸ் காஃபி. அயர்லாந்தில் கலால் துறையின் உயரதிகாரியாக இருந்து, கள்ளச் சாராயம் பிடித்து, பிறகு வடிப்பவராக மாறியவர். 1830இல் அவர் காப்புரிமை பெற்ற இரட்டைத் தூண் வாலையில் ஒரு பக்கம் ஊறல் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் வலிமையான சாராயம் வந்துகொண்டே இருக்கும். அவருடைய சொந்த நாட்டு வடிசாலைகள் அதைச் சுவையற்ற சரக்கு என்று ஒதுக்கின; ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மணம் வேண்டியவருக்குப் பானை, மணமற்ற தூய்மை வேண்டியவருக்குத் தூண் என்ற பிரிவு அன்றே விழுந்துவிட்டது. இன்று சிறு வடிசாலைக்கு வாலை தேர்ந்தெடுப்பவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

தட்டுகள் என்ன செய்கின்றன என்பதை எண்களில் பார்த்தால்தான் இந்தப் பிரிவின் ஆழம் தெரியும். 30 சதவீதத் திரவத்தைக் கொதிக்கவிட்டு அந்த ஆவியைக் குளிரவைத்தால் 70 சதவீதத்தைத் தாண்டிய சாராயம் கிடைக்கும். ஒரே அடியில் 40 புள்ளி ஏற்றம். அதை மறுபடி கொதிக்கவிட்டால் 85ஐத் தாண்டும். மூன்றாவதில் 90ஐ எட்டும். நான்காவதில் 93. ஐந்தாவதில் 94. அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் கிடைப்பது அரைப் புள்ளி, கால் புள்ளி. கடைசியில் 97.2 சதவீதத்தில் சுவர். அந்த இடத்தில் திரவமும் ஆவியும் ஒரே கலவையாகிவிடுவதால், வெறும் காய்ச்சலால் அதைத் தாண்டவே முடியாது. இதுவும் குறையில்லாத தட்டுகளுக்கான கணக்கு. நிஜத் தட்டு இதில் பாதியோ முக்காலோதான் வேலை செய்யும்; போதாததற்கு, காய்ச்சல் நீள நீள அடிக்கலனில் ஆல்கஹால் குறைந்துகொண்டே போகும். விஸ்கிக்கும் பிராந்திக்கும் நான்கு தட்டு தாராளம் என்றிருக்க, வோட்காவுக்கு 16, 20 என்று தட்டு கேட்பது இதனால்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரு கண்ணாடித் தூண் இருந்தது. பத்துத் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் குட்டித் தொப்பி போன்ற மூடிகள். அவற்றின் அடியிலிருந்து ஆவி குமிழ் குமிழாகப் பிதுங்கித் திரவத்துக்குள் வெடிக்கும். வெளியே எடுக்கும் வால்வை முழுக்க மூடி, குளிர்ந்த திரவம் அத்தனையையும் தூணுக்குள்ளேயே திரும்பி வழியவிட்டால், கால் மணி நேரத்தில் தூணின் உச்சி வெப்பமானி 78 பாகையை ஒட்டி அசையாமல் நின்றுவிடும். வால்வைக் கொஞ்சம் திறந்ததும் முள் மெல்ல ஏறும். இன்னும் திறந்தால் சட்டென ஏறும். அவசரப்பட்டு எடுத்தால் தண்ணீரும் சேர்ந்து வரும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தூய்மை தட்டில் மட்டும் இல்லை. எவ்வளவைத் திரும்ப வழியவிடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு பங்கு எடுக்க ஐந்து பங்கைத் திருப்பி வழியவிட்டால், ஒரு லிட்டர் சாராயத்துக்கு ஆறு லிட்டரை ஆவியாக்கும் செலவு. வோட்காவின் விலையில் எரிபொருள் இப்படித்தான் ஏறுகிறது.

சட்டமும் இந்த உயரத்தைத்தான் கேட்கிறது. அமெரிக்காவில் வோட்கா என்று எழுத வேண்டுமானால் 95 சதவீதத்துக்குக் குறையாமல் வடித்திருக்க வேண்டும். தனித்த மணமோ சுவையோ இருக்கக் கூடாது என்ற பழைய வாசகத்தை 2020இல் எடுத்துவிட்டார்கள். 95 என்ற எண்ணை எடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வோட்காவில் எஞ்சும் அசுத்தங்களுக்கு, வேளாண் எரிசாராயத்துக்கு உரிய அதே வரம்பு. மெத்தனாலுக்கு மட்டும் இன்னும் இறுக்கமாக, 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 10 கிராம். அந்த எரிசாராயத்தின் குறைந்தபட்ச வலிமை 96 சதவீதம். பானை வாலையில் மூன்று முறை, நான்கு முறை காய்ச்சி இங்கே வந்து சேர முடியாது. 'ஆறு முறை வடித்தது' என்று பாட்டிலில் எழுதுவதில் பெருமை எதுவும் இல்லை. இருபது தட்டு ஒரே ஓட்டத்தில் செய்வதை ஆறு ஓட்டத்தில் அரைகுறையாகச் செய்ததாகவும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

சிறு வோட்கா ஆலை வைப்பவர், தானியத்திலிருந்து தாமே வடிக்க வேண்டுமா? இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். பெரும்பாலோருக்கு என் பதில்: வேண்டாம்.

வோட்காவின் தாய்வீடுகளில் ஒன்றான போலந்தைப் பாருங்கள். அங்கே பண்ணைகளோடு ஒட்டிய சிறு வடிசாலைகள் உருளைக்கிழங்கையும் ரை தானியத்தையும் வடித்து 90 சதவீதத்தை ஒட்டிய பச்சைச் சாராயமாக்கும். அதைத் தூய்மைப்படுத்துவது பெரிய ஆலைகளின் வேலை. விளைபொருள் இருக்கும் இடத்தில் ஊறலும் முதற் காய்ச்சலும், உயரமான தூண் இருக்கும் இடத்தில் தூய்மை என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நாம் ஏன் அதை ஒரே கூரைக்குக் கீழே, 300 லிட்டர் கலனில் செய்து காட்டத் துடிக்க வேண்டும்?

ஆண்டுக்கு 10,000 பாட்டில் விற்கும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 3,000 லிட்டர் சுத்த ஆல்கஹால் வேண்டும். தானியத்திலிருந்து தொடங்கினால் ஆயிரம் லிட்டர் ஊறலை 50 தடவை காய்ச்ச வேண்டும். வாரத்துக்கு ஒன்று, ஆண்டு முழுக்க. 11 டன் கோதுமை, மாவாக்கும் இயந்திரம், கஞ்சி காய்ச்சும் தொட்டி, புளிக்கவைக்கும் தொட்டிகள், எச்சத்துக்கு வழி. எரிசாராயமாக வாங்கினால் ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்றும் அதற்குமேல் கொஞ்சமும் போதும். ஓராண்டுச் சரக்கு ஒரே லாரியில் வந்து இறங்கிவிடும். இந்தியாவில் நாம் 'ஈஎன்ஏ' என்று சொல்லும் இந்த எரிசாராயத்தை, உயரமான தட்டுத் தூண்களில் இரவு பகலாக வடிக்கும் ஆலைகளின் தூய்மைக்கு, எந்தச் சிறு வாலையும் பக்கத்தில் வர முடியாது.

இதைச் செய்வது ஏமாற்று வேலையும் இல்லை. லண்டனில் 2009இல் தொடங்கிய சிப்ஸ்மித் வடிசாலை அதற்குச் சான்று. 1,800 லிட்டருக்குக் குறைந்த வாலைக்கு உரிமம் தருவதில்லை என்ற பழைய நடைமுறையோடு மல்லுக்கட்டி, ஜெர்மனியின் கார்ல் நிறுவனம் செய்த 300 லிட்டர் செப்பு வாலைக்கு அனுமதி வாங்கினார்கள். 'புரூடென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதில் அவர்கள் காய்ச்சியது வாங்கிய தானிய எரிசாராயத்தைத்தான். பிரிட்டனில் அடுத்து வந்த நூற்றுக்கணக்கான சிறு வடிசாலைகளுக்கு அந்த உரிமம்தான் கதவைத் திறந்தது. அமெரிக்காவின் அலமீடாவில் யோர்க் ருப்ஃப் 1982இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் வடிசாலையிலிருந்து பின்னாளில் வந்த 'ஹேங்கர் ஒன்' வோட்காவும் அதே பாதைதான். கோதுமை எரிசாராயம் ஒரு பக்கம், சிறு வாலையில் பழங்களை ஊறவைத்து வடித்த சாறு இன்னொரு பக்கம், இரண்டையும் கலந்தார்கள். தூய்மையை வாங்கினார்கள், மணத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். சிறு வாலையின் பலம் எது என்று தெரிந்தவர்களின் வேலை அது.

ஆனால் ஒன்று. வாங்கியதை வாங்கியது என்று சொல்ல வேண்டும். 'எங்கள் வயலிலிருந்து உங்கள் கோப்பைக்கு' என்று எழுதிவிட்டு லாரியில் வந்ததை அடைப்பவர்களால்தான், உண்மையிலேயே வயலில் தொடங்குபவரின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு.

உண்மையிலேயே வயலில் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் உருளைக்கிழங்கு பயிரிட்டு 'டிரெல்ஸ்' வறுவல் விற்றுவந்த வில்லியம் சேஸ், அந்தக் கிழங்கிலிருந்தே வோட்கா வடித்து 2008இல் சந்தைக்கு வந்தார். 100 கிலோ கிழங்கிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 10 லிட்டர் சுத்த ஆல்கஹால்தான். கிழங்கு வேறொருவர் வயலிலிருந்து வந்தால் கட்டுப்படியாகாத கணக்கு அது. வோட்காவின் தூய்மைக்காக அவர் நிறுத்தியது சுமார் 70 அடி உயரத் தூண். மூலப்பொருள் சொந்தமாக இருக்க வேண்டும், கூரை உயரமாக இருக்க வேண்டும், கையில் முதல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ளவர் தானியத்திலிருந்தோ கிழங்கிலிருந்தோ தொடங்கட்டும், மனமார வாழ்த்துவேன்.

அவரும் ஒரே வாலையில் எல்லாவற்றையும் செய்ய முயலக் கூடாது. முதற் காய்ச்சலுக்குத் தனிக் கலன், 1,000 லிட்டர், தட்டு எதுவும் வேண்டாம். ஊறலில் உள்ள ஆல்கஹாலை வேகமாக உருவி எடுப்பதுதான் அதன் வேலை. ஆயிரம் லிட்டரிலிருந்து 30 சதவீதத்தில் 250 லிட்டர் வரும். அப்படி இரண்டு காய்ச்சலைச் சேர்த்து, 500 லிட்டர் அடிக்கலனும் 20 தட்டும் உள்ள தூண் வாலையில் ஒருமுறை வடிக்க வேண்டும். 10,000 பாட்டிலுக்கு 50 முதற் காய்ச்சல், 25 இரண்டாம் காய்ச்சல். 75 வேலை நாளில் முடிந்துவிடும். ஒரே 500 லிட்டர் கலப்பு வாலையை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் செய்தால் 125 நாள். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிவது கூலிக் கணக்கில் ஏறிவிடும்.

இந்தக் கலப்பு வாலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று சந்தையில் கண்ணைப் பறிப்பவை அவைதான். தென்ஜெர்மனியின் பழச் சாராய மரபிலிருந்து வந்த வடிவம். அங்கே உழவர்கள் 150 லிட்டருக்கு மேற்படாத கலனில், ஆண்டுக்கு 300 லிட்டர் சுத்த ஆல்கஹால் வரை வடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. கார்ல், ஹோல்ஸ்டைன், கோத்தே, மியுல்லர் போன்ற கன்னார்கள் அவர்களுக்காகவே தலைமுறை தலைமுறையாக வாலை அடித்தவர்கள். செப்புப் பானை, மேலே மூன்று நான்கு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கண்ணாடிச் சன்னல், உச்சியில் ஒரு சிறு குளிர்விப்பான். தட்டுகளை வேண்டும்போது சேர்க்கலாம், வேண்டாதபோது விலக்கலாம். இன்று பிராந்தி, நாளை ஜின், அடுத்த வாரம் லிக்யூருக்கான மணச்சாறு என்று பல சரக்கு செய்பவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பக்கத்தில் 16 தட்டுத் தூண் ஒன்றை இணைத்து 'இதில் வோட்காவும் வரும்' என்பார்கள். வரும். நாள் முழுக்க உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக எடுக்கப் பொறுமை உள்ளவருக்கு வரும்.

லிக்யூருக்கு வருவோம். இனிப்பும் மணமும் ஏற்றிய இந்த மதுவுக்கு ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குப் பொதுவாக 100 கிராம் சர்க்கரையும், 15 சதவீத வலிமையும் குறைந்தபட்சம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு வாலை வேண்டுமா என்பதே. எலுமிச்சைத் தோலை எரிசாராயத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி, பாகு சேர்த்தால் லிமொன்செல்லோ. காப்பி லிக்யூரும் ஊறவைத்துச் செய்வதுதான். நிறமும் கசப்பும் அதற்கு வேண்டும், வாலை இரண்டையும் விட்டுவிடும். நல்ல ஊறவைக்கும் தொட்டி, வடிகட்டி, குளிரறை இருந்தால் போதும். எத்தனையோ சிறு நிறுவனங்கள் தேவையே இல்லாத வாலைக்குக் கடன் கட்டிக்கொண்டிருக்கின்றன.

நிறமில்லாமல் மணம் மட்டும் வேண்டும் என்றால்தான் வாலை. பிரான்சின் ஆன்ஷே நகருக்கு அருகே குவான்த்ரோ நிறுவனம் இன்றும் ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைக் கிழங்குச் சாராயத்தில் ஊறவைத்துச் செப்பு வாலைகளில்தான் வடிக்கிறது. அந்த வாலைக் கூடத்தில் 19 வாலை வரிசையாக நிற்கின்றன. கார்த்தூசியத் துறவிகள் 130 செடிகொடிகளிலிருந்து செய்யும் ஷார்த்ரூஸிலும் வடிப்பதும் ஊறவைப்பதும் இரண்டும் உண்டு. இத்தகைய வேலைக்கு உயரமான தூண் பகை. இருபது தட்டில் ஏறிய மணம் உச்சிக்கு வருமுன் அங்கங்கே பிரிந்து நின்றுவிடும். கோவாவின் முந்திரிப் பழ ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைத் தூணில் போட்டுத் தூய்மையாக்கினால் குறியீட்டுக்கு உரிய முந்திரி மணமே போய்விடும். ஃபெனி பானையில் பிறந்தது. பானையில்தான் இருக்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோல் காய்ச்சலைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பானை வாலைக்காரரின் கைத்திறன் புரியும். குளிர்விப்பானிலிருந்து வருவது கிளி அலகு போல வளைந்த ஒரு சிறு செப்புக் கிண்ணத்தில் விழுந்து வழியும். அதற்குள் ஆல்கஹால்மானி மிதந்துகொண்டே இருக்கும். முதலில் வருவதில் தோலெண்ணெய் மிகுதி. ஒரு தேக்கரண்டி எடுத்துக் குவளைத் தண்ணீரில் விட்டால் பால்போல் வெண்மையாகத் திரளும். அதை ஒதுக்கி வைக்காவிட்டால் பின்னாளில் பாட்டிலும் கலங்கும். சற்று நேரத்தில் மணம் மாறும். தோலின் காரம் தணிந்து பழத்தின் இனிமை எழும். அதுதான் நடுவடி. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்துகொண்டே இருப்பார்கள். எப்போதோ ஒரு கணத்தில் வெந்த தோலின் வாடை, பிறகு ஈரச் சாக்கு வாடை. உடனே பாத்திரத்தை மாற்ற வேண்டும். மானி காட்டும் எண்ணும் வெப்பமானியும் உதவும், ஆனால் முடிவு மூக்கினுடையது. லிக்யூர் வாலை வாங்கும்போது வெளியேறும் இடம் கைக்கும் மூக்குக்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வாலைகளில் அது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. எட்டு மணி நேரம் குனிந்து நிற்பவருக்குத்தான் அதன் வேதனை தெரியும்.

இன்னொன்று: சோம்பு காய்ச்சிய வாலை சோம்பை மறக்காது. மூடிகளின் இடுக்கில் இருக்கும் ரப்பர் வளையங்கள் எண்ணெயைக் குடித்துவைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் வடிக்கும் சரக்கு எதுவானாலும் சோம்பு வாசம் எட்டிப்பார்க்கும். வளையங்கள் டெஃப்லானாக இருக்கட்டும். கழுவும் நீர்த்தெறிப்பான் கலனுக்குள் மட்டுமல்லாமல், ஒவ்வொரு தட்டுக்கும் இருக்கட்டும்.

செம்பைப் பற்றிய பேச்சில் பாதி உண்மை, பாதி அழகு. நொதிக்கும்போது ஈஸ்ட் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோசு வாடை அவற்றினுடையது. செம்பு அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தானிய ஊறலைக் காய்ச்சுபவருக்கு ஆவி போகும் பாதையில் செம்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அடிக்கலன் துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் கெடுதல் இல்லை. தேய்மானம் குறைவு, விலையும் குறைவு. வாங்கிய எரிசாராயத்தில் கந்தகம் ஏற்கெனவே போய்விட்டது. அதை மட்டும் மீண்டும் வடிப்பவருக்குச் செம்பின் பயன் சிறிது. விருந்தினர் வந்து பார்க்கும் கூடம் வைத்திருப்பவருக்கு மினுங்கும் செம்பு விளம்பரம். அந்தச் செலவை விளம்பரக் கணக்கில் எழுத வேண்டும், உற்பத்திக் கணக்கில் இல்லை.

வெப்பத்துக்கு வருவோம். கலனுக்குள்ளேயே மின்கம்பி வைப்பது மலிவு; தெளிந்த திரவத்துக்கு அது போதும். சக்கையோடு கூடிய ஊறலை அதில் காய்ச்சினால் கம்பியில் ஒட்டிக் கருகும். கருகிய வாடையை எந்தத் தட்டாலும் எடுக்க முடியாது. சக்கை ஊறலுக்கு நீராவி உறையும், உள்ளே சுழலும் துடுப்பும் வேண்டும். பழமும் மூலிகையும் காய்ச்சுபவருக்கு நீர்த்தொட்டி உறை மென்மையானது. எத்தனை கிலோவாட்? 1,000 லிட்டர் ஊறலைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 77 யூனிட், அதிலிருந்து 250 லிட்டரை ஆவியாக்க 127 யூனிட், இழப்புகளைச் சேர்க்காமல். 30 கிலோவாட் கொடுத்தால் ஏழு மணி நேரம். 60 கொடுத்தால் மூன்றரை. ஒரு ஷிப்டுக்குள் முடிந்து கழுவிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா என்பது இந்த எண்ணில் இருக்கிறது. வாலையின் விலையை நாலு பேரிடம் விசாரிப்பவர்கள் கொதிகலனின் விலையைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

குளிர்நீரைக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. ஏற்றிய வெப்பத்தை எல்லாம் எங்காவது இறக்க வேண்டும். குழாய் நீர் 10 பாகையில் வரும் ஊரில் அதை 40க்கு ஏற்றி வெளியே விட்டால், மேலே சொன்ன ஒரு முதற் காய்ச்சலுக்கே 3,600 லிட்டர் தண்ணீர். நீரே 30 பாகையில் இருக்கும் கோவா, சென்னை போன்ற ஊர்களில், இன்னும் சூடாக வெளியே விட்டாலும், 20 பாகைதான் ஏற்ற இடமிருக்கும். 5,400 லிட்டர் வேண்டும். ஆகவே வெப்ப நாடுகளில் சிறு வடிசாலைக்கும் குளிர்கோபுரமோ சில்லரோ தவிர்க்க முடியாதது. குளிர்விப்பான் வாங்கும்போது ஜெர்மனியின் குளிர்காலத்துக்குப் போட்ட அளவை நம் கோடைக்குப் பெரிதாக்கித் தரச் சொல்ல வேண்டும். குளிர்ச்சி போதாவிட்டால் ஆவி ஆவியாகவே வெளியே வரும்.

அப்படி வந்தால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் உள்ள அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பாடம். காற்றில் 3.3 சதவீதம் எத்தனால் ஆவி சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து சாக்கடைக்குள் இறங்கும். 40 சதவீத வோட்காவே 26 பாகையில் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் அறை வெப்பமே அதைத் தாண்டியது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2015 ஏப்ரலில் ஒரு சிறு வடிசாலையில் வாலை வெடித்து, ஒரு தொழிலாளி இறந்தார். அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வு, உள்ளே வெற்றிடம் உண்டானால் திறக்கும் வால்வு, ஆவியைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகும் குழாய், தீப்பொறி விடாத மின்சாதனங்கள், ஆவி உணரும் மணி. இவற்றில் எதையும் 'பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளக் கூடாது. இணையத்தில் பாதி விலைக்கு வரும் வாலைகளில் பெரும்பாலும் குறைக்கப்பட்டிருப்பது இவைதான்.

தமிழ் வாசகர் ஒருவர் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, வாலை சரியில்லாததாலா? இல்லை. அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த தொழிற்சாலை மெத்தனால். தானியத்தையும் சர்க்கரையையும் புளிக்கவைத்தால் உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிது. பழத்தின் பெக்டினிலிருந்துதான் அது கூடுதலாக வருகிறது. அதனால்தான் ஐரோப்பிய விதி பழச் சாராயத்துக்குப் பொதுவாக 1,000 கிராம் வரை இடம் தந்து, வோட்காவுக்குப் பத்தில் நிறுத்துகிறது. முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. பானை வாலையில் அது முதல்வடி, நடுவடி, கடைவடி எல்லாவற்றிலும் கலந்துதான் வரும். பெரிய ஆலைகள் அதற்கென்றே தனித் தூண் வைத்திருக்கின்றன. முதல்வடியைக் கழிப்பது நகப்பூச்சு அழிப்பான் போல நெடி அடிக்கும் சேர்மங்களுக்காக. பழ வோட்கா செய்ய நினைப்பவர் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சிப் பார்ப்பது நம் நாட்டில் குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இன்று ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்ல நேர்ந்தால் இப்படிச் சொல்வேன். வோட்காவும் லிக்யூரும் செய்யப் போகிறீர்களா? எரிசாராயத்தை வாங்குங்கள், வாங்கியதைச் சீட்டில் எழுதுங்கள். 300 லிட்டரில் ஒரு பானை வாலை, மேலே நான்கு தட்டு, நீராவி உறை. மணச்சாறு வடிக்க அது பத்து ஆண்டுக்குக் காணும். 20 தட்டுத் தூணுக்கு வைத்திருந்த பணத்தைக் கொதிகலன், சில்லர், காற்றோட்டம், ஆய்வகச் சோதனை ஆகியவற்றில் போடுங்கள். தானியத்திலிருந்துதான் தொடங்குவேன் என்றால் வயல் உங்களுடையதாக இருக்கட்டும். காய்ச்ச ஒன்று, தூய்மையாக்க ஒன்று என்று இரண்டு வாலை வாங்குங்கள். எதை வாங்கினாலும் விற்பவரிடம் முதலில் செம்பின் கனத்தைக் கேட்காதீர்கள். அழுத்த வால்வு எத்தனை பாரில் திறக்கும், அதற்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள்.